ஆணி இருந்த இடமும் இல்லாத இடமும்

மெட்டல் டிடெக்டர் வாங்குகிறவர்கள் அநேகமாக எல்லோரும் முதல் வேலையாக இரும்பின் சத்தத்தை அணைத்துவிடுகிறார்கள். கருவியிலேயே அதற்கு வசதி இருக்கிறது. அதைப் போட்டுவிட்டால் ஆணி, கம்பி என்று துருப்பிடித்தது எதன் மேல் கருவியின் அடியில் இருக்கும் கம்பிச்சுருள் (காயில்) போனாலும் காதில் ஒன்றும் விழாது. வெள்ளி, செம்பு, பித்தளை வந்தால்தான் கணீரென்று கேட்கும். பழைய மனைகளில் தேடுகிறவர்களுக்கு இது பெரிய நிம்மதி. ஒரு காசு கிடைப்பதற்குள் அங்கே கூடை கூடையாக ஆணி வந்துவிடும்.

நான் சொல்ல வருவது இதற்கு நேர் எதிர். வீடு இருந்து அழிந்துபோன இடத்தில் தேடப் போகிறீர்கள் என்றால் இரும்பை அணைக்காதீர்கள். அந்த இடத்தைப் பற்றி அதிகம் தெரிந்து வைத்திருப்பது ஆணிதான்.

நான் இருப்பது அமெரிக்காவில், ஒமாஹா நகரத்தில். அங்கிருந்து மேற்கே மூன்று மணி நேரத்துக்கு மேல் காரில் போனால் நெப்ராஸ்கா மாநிலத்தின் நடுவில் கஸ்டர் கவுண்டி வரும்; கவுண்டி என்றால் நம்மூர் மாவட்டம் மாதிரி. மரம் குறைந்த, மேடும் பள்ளமுமான புல்வெளி. ஓடைக்கரையில் மட்டும் காட்டன்வுட் மரங்கள். அங்கே ஒரு மேய்ச்சல் நிலத்தில் தேடுவதற்கு நிலத்துக்காரப் பாட்டி எங்களுக்கு எழுத்து மூலம் அனுமதி கொடுத்திருக்கிறார். எங்கள் கூட்டம் சின்னது. கரூரிலிருந்து வந்த தம்பி ஒருவன். பழைய காசு என்றால் உயிர். அமராவதி ஆற்று மணலில் கிடைத்த சங்க காலக் காசுகளைப் பற்றிச் சிறுவயதிலிருந்தே கேட்டு வளர்ந்தவன். தஞ்சாவூர்க்காரர் ஒருவர், சிவில் இன்ஜினியர். கூட வேலை பார்க்கும் நெப்ராஸ்காக்காரர் ஒருவர். எங்களுக்கு இந்தப் பழக்கத்தை ஏற்படுத்தியது அவர்தான். அப்புறம் நான்.

அந்த நிலம் எப்படி ஒரு குடும்பத்துக்குச் சொந்தமானது என்பதைச் சொல்லிவிட வேண்டும். 1862 மே 20 அன்று லிங்கன் ஹோம்ஸ்டெட் சட்டத்தில் கையெழுத்திட்டார். 21 வயதானவர் அல்லது ஒரு குடும்பத்தின் தலைவர், அமெரிக்கக் குடிமகனாக இருந்தாலோ குடிமகனாகப் போவதாக எழுதிக் கொடுத்தாலோ 160 ஏக்கர் கேட்கலாம். கட்டணம் எல்லாம் சேர்த்து 18 டாலர். ஐந்து வருடம் அங்கேயே குடியிருந்து, வீடு கட்டி, நிலத்தை உழுது பயிரிட்டுக் காட்டினால் பட்டா. கல்யாணமாகாத பெண்களும் தங்கள் பெயரில் வாங்கலாம். கஸ்டர் கவுண்டியில் கிரிஸ்மன் சகோதரிகள் அப்படி வாங்கினார்கள்; 1886இல் நான்கு பேரும் தங்கள் மண்வீட்டின் முன் நிற்பதை சாலமன் புட்சர் என்ற புகைப்படக்காரர் எடுத்த படம் இன்றும் பிரபலம். அலாஸ்கா நீங்கலாக 1976 வரை இந்தச் சட்டம் நடைமுறையில் இருந்தது. சுமார் 16 லட்சம் பேர் இப்படிப் பட்டா பெற்றார்கள். மொத்தம் 27 கோடி ஏக்கர், நாட்டின் நிலப்பரப்பில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு.

யாருடைய நிலத்தை யார் எடுத்துக் கொடுத்தார்கள் என்ற கேள்வியைத் தாண்டிப் போக முடியாது. இது பானி என்ற பூர்வகுடி மக்கள் வேட்டையாடிய நாடு. 1870களின் நடுவில் அவர்களை இன்றைய ஒக்லஹோமாவுக்குப் பெயர்த்தனுப்பினார்கள். கவுண்டியின் தலைநகர் ப்ரோக்கன் போவுக்கு அந்தப் பெயர் வந்ததே, அங்கே குடியேறிய ஒருவரின் கண்ணில் பட்ட ஓர் உடைந்த வில்லால்தான். நிலம் யாருக்குக் கிடைக்கும் என்பதிலும் கதவுகள் இருந்தன. 1923இல் பகத் சிங் திந்த் என்பவரின் வழக்கில், இந்தியர்கள் வெள்ளையர் அல்ல, ஆகவே குடியுரிமைக்குத் தகுதியில்லை என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1946இல்தான் சட்டம் மாறியது. எங்கள் நான்கு பேரில் மூன்று பேரின் தாத்தாக்கள் அந்த நாளில் வந்து கேட்டிருந்தால் இந்த நிலத்தில் ஒரு சாண்கூடக் கிடைத்திருக்காது. அந்தப் புல்லில் மண்டியிடும்போதெல்லாம் எனக்கு இது ஞாபகம் வருகிறது. அங்கே வாழ்ந்த குடும்பத்தின் மேல் இருக்கும் மரியாதை அதனால் குறைவதில்லை. ஆனால் இரண்டையும் சேர்த்தே நினைக்க வேண்டியிருக்கிறது.

சரி, ஆணிக்கு வருகிறேன்.

கருவி வேலை செய்யும் விதம் எளிமையானது. காயிலில் மாறுமின்சாரம் ஓடுகிறது. அது மண்ணுக்குள் ஒரு காந்தப்புலத்தை அனுப்புகிறது. உள்ளே உலோகம் இருந்தால் அதில் சுழல் மின்னோட்டம் உண்டாகி, அது தன் பங்குக்கு ஒரு சிறு புலத்தைத் திருப்பி அனுப்புகிறது. திரும்பி வருவது எவ்வளவு தாமதமாகிறது என்பதைப் பார்த்து, இது வெள்ளியாக இருக்கலாம், இது இரும்பாக இருக்கலாம் என்று கருவி கணிக்கிறது. கணிப்புதான். துருவேறிய பெரிய இரும்புத் தகடு வெள்ளியைப் போலவே பாடும். ஒரு காசின் பக்கத்தில் இரண்டு ஆணி கிடந்தால் காசின் குரல் வெளியே வராமலே போகும். 1881இல் ஜனாதிபதி கார்ஃபீல்டு சுடப்பட்டபோது, உடலுக்குள் இருந்த குண்டைக் கண்டுபிடிக்க அலெக்சாண்டர் கிரகாம் பெல் இதே தத்துவத்தில் ஒரு கருவி செய்துகொண்டு வெள்ளை மாளிகைக்குப் போனார். குண்டு அகப்படவில்லை. மெத்தைக்கு அடியில் இருந்த எஃகுக் கம்பிகளும் சத்தத்தைக் குழப்பின. அன்று பெல்லுக்கு நேர்ந்ததுதான், காதில் இரும்பை அணைத்துவிட்டுப் போகிறவர்களுக்கும் நேர்கிறது. காதுக்குக் கேட்காததால் இரும்பு அங்கே இல்லை என்று ஆகிவிடாது. அதன் நிழலில் இருப்பதும் சேர்ந்து மறைகிறது, அவ்வளவுதான்.

எங்கள் மனையில் கண்ணுக்குத் தெரிந்தது ஒரு லைலாக் புதர் மட்டும். இந்தப் புல்வெளியில் லைலாக் தானாக முளைப்பதில்லை. யாரோ வாசலில் நட்டது. பழைய மனையைத் தேடுகிறவர்கள் முதலில் பார்ப்பது லைலாக்கையும் ஐரிஸ் பூவையும்தான். வீடு போன பிறகும் அவை வருடா வருடம் பூத்துக்கொண்டிருக்கும். புதருக்கு வடக்கே காயிலை வைத்தவுடன் கர் கர் என்று இடைவெளியே இல்லாமல் இரும்பு. தஞ்சாவூர்க்காரர் கயிறு கட்டிப் பாத்தி பிரித்தார். ஒவ்வொரு பாத்தியாக நடந்து, இரும்பு கேட்ட இடத்திலெல்லாம் கம்பியில் மாட்டிய அடையாளக் கொடி குத்தினோம். மாலைக்குள் கொடிகளே ஒரு செவ்வகத்தைக் காட்டின. கூடவே ஒரு சின்ன நீட்சி, பின்பக்கத்துச் சமையலறையாக இருக்க வேண்டும். நூறு வருடத்துக்கு மேற்பட்ட ஒரு வீட்டின் அடித்தளப் படம், தரையில் நாங்களே போட்டது! இரும்பை அணைத்து வைத்திருந்தால் இது எதுவும் தெரிந்திருக்காது.

அடுத்து, அந்த ஆணிகள் என்ன ஆணிகள் என்று பார்த்தோம். இதில்தான் விஷயம் இருக்கிறது. பழைய ஆணி தகட்டிலிருந்து வெட்டியது. கையில் உருட்டினால் உருளாது. தண்டு நான்கு முகமாக இருக்கும், இரண்டு பக்கம் சரிந்து நுனிக்குப் போகும், நுனி கூர்மையாக இருக்காமல் மொண்ணையாக நிற்கும். துருவைச் சுரண்டினால் இரும்பின் இழை நார் நாராக ஓடுவது சிலவற்றில் தெரியும். இன்று கடையில் கிடைப்பது கம்பியிலிருந்து செய்த உருண்டை ஆணி. ஒன்று போய் மற்றொன்று வந்தது சட்டென்று நடந்த மாற்றம். 1886இல் அமெரிக்காவில் செய்த ஆணிகளில் பத்தில் ஒன்றுதான் கம்பி ஆணி. அடுத்த ஆறு வருடத்தில் அது வெட்டாணியை முந்திவிட்டது. 1913இல் பத்துக்கு ஒன்பது கம்பி ஆணி. அதனால் ஒரு வாளி ஆணியைக் கொட்டிப் பிரித்தால் அந்த வீடு எந்தக் காலத்தில் எழும்பியது என்று ஓரளவு சொல்லிவிடலாம். காசு இதைச் சொல்லாது. 1882ஆம் வருடக் காசு ஒருவர் பையில் முப்பது வருடம் சுற்றிவிட்டும் கீழே விழலாம். ஆணி அப்படிப் பையில் சுற்றுவதில்லை.

எங்கள் வாளியில் அநேகமாக எல்லாமே உருண்டை. நிறைய ஆணி வளைந்திருந்தது, தலைப்பக்கம் நெளிந்து, ஆணிப்பிடுங்கியில் மாட்டி இழுத்த மாதிரி. எரிந்துபோன வீடு என்றால் ஆணி வேறு மாதிரி இருக்கும். நெருப்பில் வெந்த ஆணி அவ்வளவாகத் துருப்பிடிக்காது. இது யாரோ பலகை பலகையாகப் பிரித்துக்கொண்டு போன வீடு. பாட்டியிடம் கேட்டபோது, 1930களில் தன் அப்பா நிலத்தை வாங்கியபோதே அங்கே வீடு இல்லை என்றார். மரம் அரிதான ஊரில் பலகையை விட்டுவைப்பார்களா?

எங்களுக்குள் இடித்தது இதுதான். நெப்ராஸ்காக்காரர் தேசிய ஆவணக் காப்பகத்திலிருந்து அந்த நிலத்தின் ஹோம்ஸ்டெட் கோப்பின் நகலை எடுத்து வைத்திருந்தார். நெப்ராஸ்காக் கோப்புகள் இப்போது இணையத்திலேயே கிடைக்கின்றன. கோப்புப்படி அங்கே வாழ்ந்த குடும்பம் குடியேறியது 1879. உருண்டை ஆணி வீடோ அதற்குப் பத்துப் பதினைந்து வருடமாவது பிந்தியது. அப்படியானால் முதல் வீடு எங்கே?

பதிலும் அதே கோப்பில் இருந்தது. பட்டா கேட்கும்போது இரண்டு சாட்சிகளோடு போய்ச் சத்தியம் செய்து, எத்தனை ஏக்கர் உழுதேன், எப்படிப்பட்ட வீடு, எத்தனை நாள் வெளியே போயிருந்தேன் என்றெல்லாம் சொல்ல வேண்டும். எழுத்தர் எழுதி வைத்திருந்தார்: 16க்கு 22 அடி புல்மண் வீடு, ஒரு கதவு, இரண்டு ஜன்னல்.

மரம் இல்லாத இந்தச் சமவெளியில் வந்தவர்கள் கட்டியது அந்த மாதிரி வீடுதான். உழாத புல்தரையைக் கலப்பையால் பட்டையாகக் கீறி, மூன்றடி நீளக் கட்டிகளாக வெட்டி, புல் கீழே பார்க்கும்படி அடுக்குவார்கள். வேர்கள் பின்னிப் பிடித்துக்கொள்ளும். சுவர் இரண்டடிக்கும் மேல் கனம். குளிருக்கும் வெயிலுக்கும் நல்லது. மழை பெய்தால் கூரை சேறாக ஒழுகும். மண் உதிராமல் இருக்க உள்ளே மேலே துணி கட்டுவார்கள். கஸ்டர் கவுண்டியிலேயே இன்னொரு குடும்பத்தை புட்சர் படமெடுக்கப் போனபோது, கிழக்கே இருக்கும் உறவுக்காரர்கள் இந்த மண்வீட்டைப் பார்க்கக் கூடாது என்று அந்த வீட்டு அம்மா சொல்லிவிட்டார். உள்ளே இருந்த ஆர்கன் என்ற இசைப்பெட்டியை வெளியே இழுத்து வந்து வைத்து, வீடு தெரியாமல் அதன் பக்கத்தில் நின்று எடுத்துக்கொண்டார்கள். அந்தப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் அந்த அம்மாவின் மனசு எனக்கு நன்றாகப் புரிகிறது.

கரூர்த் தம்பி கேட்டான்: “ஏனுங்ணா, மண்ணுல கட்டுன வீட்ல ஆணியே இருக்காதே. ஆணி இல்லாத வீட்டை ஆணிய வெச்சு எப்படிங்ணா தேடறது?”

தஞ்சாவூர்க்காரர் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம், “கதவு இல்லாத வீடு உண்டாடா தம்பி?” என்றார்.

அதுதான் வழி. புல்மண் வீட்டில் சுவருக்கு ஆணி வேண்டாம். ஆனால் கதவு நிலையும் ஜன்னல் சட்டமும் பலகை. சட்டத்தை நிறுத்தி வைத்து, சுற்றிலும் மண்கட்டியை அடுக்கிக்கொண்டு வருவார்கள். பலகையோடு பலகை சேர ஆணி வேண்டும். ஆக நாங்கள் தேட வேண்டியது, நடுவில் ஒன்றுமில்லாமல் மூன்றே இடத்தில் மட்டும் குட்டையாக இரும்பு கேட்கும் ஒரு பகுதி. இதுவரை அமைதியாக இருக்கிறதென்று நாங்கள் கடந்துபோன பக்கமெல்லாம் திரும்ப நடந்தோம்.

லைலாக்கிலிருந்து ஓடையை நோக்கி இறங்கும் சரிவில் கிடைத்தது. அந்த நிலம் உழப்பட்டதே இல்லை, அது எங்கள் அதிர்ஷ்டம். மாலை வெயில் சாய்ந்து விழும்போது அங்கே தரை லேசாகப் புடைத்திருப்பது தெரியும்; கரைந்து அமர்ந்த சுவர். தெற்குப் பக்கத்தில் ஒரு குத்து ஆணி, ஓரடி அகலத்துக்குள். கிழக்கில் ஒன்று. மேற்கில் ஒன்று. ஒன்றைத் தோண்டி எடுத்துத் துடைத்தோம். நான்கு முகம், மொண்ணை நுனி. இன்னொன்று, அதுவும் அப்படியே. தம்பி ஹெட்போனைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு நாடாவை இழுத்தான். புடைப்பின் ஒரு பக்கம் 16 அடிக்குச் சற்றுக் கூட, மறு பக்கம் 22க்குச் சற்றுக் கூட. கரைந்த சுவர் அவ்வளவு பரவத்தானே செய்யும். நெப்ராஸ்காக்காரர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். அவருடைய கொள்ளுத்தாத்தாவும் இப்படி ஒரு வீட்டில் பிறந்தவராம்.

உள்ளே தோண்டலாமா என்று நீண்ட நேரம் பேசினோம். கடைசியில், கிழக்குப் பாதியைத் தொடுவதில்லை என்று முடிவு செய்தோம். பொருளை எடுத்துவிட்டால் அது இருந்த நிலை போய்விடுகிறது. பிறகு யாராலும் அதைத் திரும்ப வைக்க முடியாது. எங்களைவிட நல்ல படிப்பும் கருவியும் உள்ளவர்கள் நாளைக்கு வரலாம், அவர்களுக்கு ஒரு பாதியாவது முழுசாக இருக்க வேண்டும். மேற்குப் பாதியிலும் புல்வேர் மட்டத்துக்குக் கீழே போகவில்லை. புல்லை மூன்று பக்கம் வெட்டி மூடிபோல் மடக்கி, மண்ணைத் துணியில் கொட்டி, எடுத்த இடத்தை நாடாவால் அளந்து தாளில் குறித்துவிட்டுத் திரும்ப மூடுவோம். இதை நிதானமாகச் செய்யப் பொறுமை இல்லாதவர் பழைய மனைக்கே வரக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

அந்தப் பாதியில் கிடைத்தவை கொஞ்சம்தான். மண்தரை வீட்டில் கீழே விழுவது காலடியில் அமுங்கிப் போகும். அடுப்பின் வார்ப்பிரும்புக் கால் ஒன்று. ஓவரால் என்ற வேலை உடுப்பின் பித்தளைப் பொத்தான்கள். கண்ணாடி ஜாடியின் துத்தநாக மூடி. தைக்கும்போது விரலில் மாட்டுகிற உறை, யாரோ மிதித்து நசுங்கியது. அப்புறம் மேற்கு ஜன்னலுக்கு நேர் கீழே மௌத் ஆர்கனின் உள்தகடு.

அதைக் கண்டெடுத்தது தம்பி. “அண்ணா, இது என்னன்னு பாருங்க” என்று உள்ளங்கையில் வைத்து நீட்டினான். விரல் நீளப் பித்தளைத் தகடு, பச்சை ஏறியது. ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு வரிசையாகக் காடிகள், ஒவ்வொன்றும் முந்தியதைவிடக் குட்டை. காடிக்கு மேல் ஒரு நாக்கு இருக்க வேண்டும். பாதிக்கு மேல் முறிந்துபோயிருந்தன. மிச்சமிருந்தவற்றில் ஒரு நாக்கு மட்டும் மண்ணை ஊதியதும் காடியில் ஒட்டாமல் தனியாக நின்றது. நகத்தால் மெல்லத் தொட்டபோது அசைந்தது. பழைய மனைகளில் அடிக்கடி கிடைக்கிற பொருள்தான் இது. விலை ஒன்றும் இல்லை. மரச்சட்டம் மக்கிவிடும், தகடு மட்டும் தங்கும். ஆனால் இது வெளிச்சம் வந்த ஜன்னலுக்குக் கீழே கிடந்தது. ஆணிகள் அந்த ஜன்னலைக் காட்டியிருக்காவிட்டால் இது வெறும் பித்தளைத் துண்டு.

காசு கிடைத்ததா என்று எல்லோரும் கேட்பதால் சொல்லிவிடுகிறேன். ஒன்று கிடைத்தது. தலையில் இறகு சூடிய உருவம் போட்ட ஒரு சென்ட், 1882. இரண்டு வீட்டுக்கும் நடுவில், கிணற்றுக்குப் போகும் வழியாக இருந்திருக்க வேண்டிய இடத்தில். அந்தக் கிணறு இருக்கும் இடம் பாட்டிக்கே சரியாகத் தெரியாது. கையால் தோண்டிய பழைய கிணறுகளைப் பலகை போட்டு மூடி மண் தள்ளிவிட்டுப் போயிருப்பார்கள். பலகை மக்கிப் பல காலம் ஆகியிருக்கும். அதனால் புது இடத்துக்குப் போனால் ஒருவர் முன்னால் கம்பால் குத்திப் பார்த்துக்கொண்டே நடப்போம். தனியாகப் போவதே இல்லை.

சட்டத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. அமெரிக்காவில் தனியார் நிலத்தில், நிலத்துக்காரர் அனுமதித்தால் தேடலாம். தேசியப் பூங்காக்களில் டிடெக்டரையே எடுக்கக் கூடாது. அரசின் பொது நிலத்தில் நூறு வருடத்துக்கு மேற்பட்ட தொல்பொருளை அனுமதியில்லாமல் எடுப்பது 1979ஆம் வருடச் சட்டப்படி குற்றம். ஊரில் இருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு ஆன்லைனில் கருவி வாங்கிக் கிளம்பிவிட வேண்டாம். 1878ஆம் வருட இந்தியப் புதையல் சட்டம் இன்னும் இருக்கிறது. மண்ணில் மறைந்து கிடந்து கிடைத்த பொருளின் மதிப்பு பத்து ரூபாய்க்கு மேல் போனாலே கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும்.

எடுத்தது எல்லாமே பாட்டிக்குத்தான் சொந்தம், அதுதான் எங்கள் ஏற்பாடு. மௌத் ஆர்கன் தகட்டையும் காசையும் அவர் வைத்துக்கொண்டார். விரலுறையை எங்களிடமே கொடுக்க வந்தார். நாங்கள் வாங்கவில்லை, மற்றவற்றோடு ஒரே இடத்தில் இருக்கட்டும் என்றோம். தஞ்சாவூர்க்காரர் இரண்டு வீடுகளையும் அளவு வைத்து வரைந்து, எந்தப் பொருள் எங்கே, எந்த வகை ஆணி எங்கே என்று குறித்த படத்தை அவரிடமும் கவுண்டியின் வரலாற்று அருங்காட்சியகத்திலும் கொடுத்தார். பாட்டி அந்தப் படத்தைச் சமையல் மேசையில் விரித்து வைத்துக்கொண்டு, இந்த ஜன்னலிலிருந்து ஓடை தெரிந்திருக்குமே என்று கேட்டார். தெரிந்திருக்கும் என்று சொன்னோம்.

கோப்பில் ஒரு புல்மண் தொழுவமும் எழுதியிருக்கிறது. இன்னும் கண்டுபிடிக்கவில்லை. தொழுவம் என்றால் லாடம், சங்கிலி, கலப்பை முனை என்று கனத்த இரும்பாகத்தான் இருக்கும். அது இருந்திருக்கக் கூடிய பக்கத்துக்குப் போக, அடுத்தவரின் சோளக்காட்டு ஓரமாக நடக்க வேண்டும். அறுவடை முடிந்த பிறகு வாருங்கள் என்று அவர் சொல்லியிருக்கிறார். ஒமாஹா, லிங்கன் நகரங்கள் பக்கம் இருக்கும் நம்மவர்கள் யாருக்காவது ஆசை இருந்தால் எனக்கு எழுதுங்கள். கருவி இல்லாவிட்டாலும் பரவாயில்லை, கொடி குத்தவும் நாடா பிடிக்கவும் ஆள் வேண்டும். கருவி இருப்பவர்கள், இரும்புச் சத்தத்தைத் திறந்து வைத்துக்கொண்டு வாருங்கள்.